பாரம் கூடியவருக்கு எந்த மின்சைக்கிள் மோட்டர்? வன்னி வீதிகளுக்கான கேள்வி பதில்

கீழே வரும் கணக்குகள் எல்லாம் 110 கிலோ எடையுள்ள ஒருவர், மோட்டரும் பற்றரியும் பூட்டிய 30 கிலோ சைக்கிளில் போகிறார் என்று வைத்துப் போட்டவை. ஆக மொத்தம் 140 கிலோ. உங்கள் எடை வேறென்றால் ஏற்றத்துக்கும் மணலுக்குமான கணக்கை அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எதிர்காற்றுக்கு எடை பெரிதாகச் சேராது.

கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவு வரை தேடினாலும் ஒரு மலை இல்லை. பிறகு ஏன் மலையேறுகிற மோட்டரைப் பற்றிப் பேச்சு?

மலை இல்லை, ஆனால் மலை கேட்கும் வேலையை மூன்று விதமாக வன்னி கேட்கிறது: சோளகக் காற்று, மணல், குளக்கட்டு.

காற்றில்லாத நாளில் தார் வீதியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போக, சில்லில் சுமார் 140 வாற் வலு போதும். அதே வேகத்தில் போகும்போது 20 கிலோமீற்றர் வேகக் காற்று முகத்துக்கு அடித்தால் அது 320 வாற் ஆகிறது. சங்குப்பிட்டிப் பாலத்தில் ஆடி மாதத்தில் சைக்கிள் உழக்கியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நூற்றுக்கு ஆறு சாய்வுள்ள ஏற்றத்தில் 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவும் ஏறத்தாழ அதே வலுதான் வேண்டும்: 335 வாற். கால் புதைகிற மணலில் 8 கிலோமீற்றர் வேகத்தில் நகர்வதற்கு 300 வாற்.

மூன்றுக்கும் வலு ஒன்றுதான் என்றாலும் மோட்டருக்கு மூன்றும் ஒன்றல்ல. எதிர்காற்றில் சில்லு வேகமாகச் சுற்றுகிறது, முறுக்கு விசை, அதாவது சில்லைச் சுற்றித் தள்ளும் பலம், 20 நியூற்றன் மீற்றர் இருந்தால் போதும். ஆறு சத ஏற்றத்தில் 35 வேண்டும். மணலில் 48, பத்துச் சதச் சரிவுள்ள குளக்கட்டில் 53. சில்லு மெதுவாகச் சுற்றச் சுற்ற, அதே வலுவைக் கொடுக்க மோட்டருக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும், அந்த மின்னோட்டம்தான் சூடாகிறது. ஆகவே காற்றைச் சமாளிக்கிற மோட்டர் மணலில் எரியலாம். கடையில் "எத்தனை வாற்?" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எங்கள் வீதியின் சரிவு எவ்வளவு என்று எப்படி அளப்பது?

ஒரு மீற்றர் நீளமான நேர்ப் பலகையும் மேசன்மாரின் நீர்மட்டமும் போதும். பலகையின் ஒரு நுனியை மேட்டுப் பக்கம் நிலத்தில் வைத்து, மறு நுனியை மட்டம் சரியாகும் வரை தூக்குங்கள். தூக்கிய நுனிக்கும் நிலத்துக்கும் இடையில் எத்தனை சென்ரிமீற்றரோ, அத்தனை சதம் சரிவு. வாய்க்கால் பாலங்களின் ஏற்றம் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கும். குளக்கட்டில் ஏறும் பாதைகள் பத்தைத் தாண்டலாம். ஆனால் அவற்றின் நீளம் ஐம்பது, நூறு மீற்றர்தான். அந்தத் தூரத்துக்குள் நல்ல மோட்டர் ஆபத்தான அளவுக்குச் சூடாகாது. நெடுந்தூர மணல்தான் கவலை.

250, 500, 1000 வாற் என்று எழுதியிருக்கிறதே, அது உண்மையா?

அரைகுறை உண்மை. ஐரோப்பியச் சட்டப்படி மின்சைக்கிள் மோட்டரின் தொடர் வலு 250 வாற்றைத் தாண்டக்கூடாது, உழக்கும்போது மட்டும் உதவ வேண்டும், மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவி நிற்க வேண்டும். அந்தச் சந்தையில் விற்பதற்காக, பெரிய மோட்டரின் மேலும் 250 என்று அச்சடித்து விடுகிறார்கள். வேறு சந்தைக்குப் போகும் சின்ன மோட்டரில் 500 என்று போட்டிருப்பதும் உண்டு.

நம்பக்கூடிய எண்கள் மூன்று. முதலாவது, பற்றரியில் இருந்து மோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கொன்ட்ரோலரின் அம்பியர். அதைப் பற்றரியின் வோல்ற்றால் பெருக்கினால் எடுக்கக்கூடிய உச்ச வலு வரும்: 36 வோல்ற், 15 அம்பியர் என்றால் 540 வாற், 48 வோல்ற், 22 அம்பியர் என்றால் 1056 வாற். இது பற்றரியில் இருந்து போவது. சில்லுக்கு வந்து சேருவது நல்ல வேகத்தில் முக்கால் பங்கு, ஊர்ந்து போகும்போது பாதிக்கும் கீழே.

இரண்டாவது, மோட்டரின் எடை. தராசில் வையுங்கள். செம்பும் இரும்பும் இல்லாமல் முறுக்கு விசை வராது. சில்லின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டர், கியர் உள்ள வகையில் இரண்டு, இரண்டரைக் கிலோ என்றால் அது மெலிந்தவர்களுக்கும் சமதரைக்கும் உரியது. 110 கிலோ ஆளுக்கு நான்கு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும்.

மூன்றாவது, பாரமில்லாமல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று. இதை அடுத்த கேள்வியில் பார்ப்போம், ஏனென்றால் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

கூடுதல் வேகமுள்ள மோட்டர் கூடுதல் பலமுள்ளதுதானே?

இல்லை, பல இடங்களில் நேர்மாறு. ஒரே மோட்டரையே வெவ்வேறு சுற்று எண்ணிக்கையில் செப்புக் கம்பி சுற்றி விற்கிறார்கள். ஒன்று பாரமில்லாமல் நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்றும். 28 அங்குலச் சில்லில் அது மணிக்கு சுமார் 27 கிலோமீற்றர். இன்னொன்று 330 சுற்று, அதாவது 44 கிலோமீற்றர். இரண்டாவதைத்தான் "வேகம் கூட" என்று விற்பார்கள்.

ஹப் மோட்டர் தன் உச்சச் சுற்றின் முக்கால் பங்கிலும் அதற்குச் சற்று மேலும் ஓடும்போது நன்றாக உழைக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் பற்றரியில் இருந்து எடுப்பதில் பாதிக்கு மேல் சூடாகவே போய்விடும். 200 சுற்று மோட்டருக்கு அந்தப் பாதி 13 கிலோமீற்றர். 330 சுற்று மோட்டருக்கு 22. ஐம்பது கிலோ உரப் பையோடு கிரவல் றோட்டில் 22 கிலோமீற்றருக்குக் குறையாமல் யார் ஓடப் போகிறார்கள்? பாரம் கூடியவர் 200 முதல் 220 சுற்றுக்குள் உள்ளதை வாங்க வேண்டும். பெட்டியில் எழுதியில்லை என்றால், கடையிலேயே சில்லைத் தூக்கிவிட்டு அக்சிலேற்றரை முழுதாக முறுக்கி, வால்வு அருகே ஒரு நாடாவை ஒட்டி, கைத்தொலைபேசியில் மெதுவான காணொளி எடுத்து எண்ணிப் பாருங்கள். பத்து விநாடியில் 33 முதல் 37 சுற்று வர வேண்டும்.

எத்தனை வகை மோட்டர் இருக்கிறது? எது எங்களுக்கு?

கியர் உள்ள ஹப் மோட்டருக்குள் சிறிய மோட்டர் ஒன்று வேகமாகச் சுற்ற, மூன்று நைலோன் பற்சில்லுகள் அதை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்கின்றன. அதனால் எடை குறைவு, மெதுவான ஓட்டத்தில் இழுவை நல்லது. பற்றரி முடிந்தாலும் சாதாரண சைக்கிள் போல உழக்கலாம், இழுத்துப் பிடிக்காது. குறை என்னவென்றால் சூடு வெளியேறும் வழி நீளம், பற்கள் தேயும்.

நேரடி ஹப் மோட்டருக்குப் பல்லும் இல்லை, கிளச்சும் இல்லை. சாப்பாட்டுத் தட்டளவு அகலம், ஆறேழு கிலோ எடை. உடைய ஒன்றும் இல்லாததால் பல வருடம் உழைக்கும். இரும்பு கூட இருப்பதால் கொஞ்ச நேரச் சூட்டைத் தாங்கும். ஆனால் ஊர்ந்து போகும்போது மின்சாரத்தைக் குடிக்கும், பற்றரி முடிந்த பிறகு உழக்கினால் பின்னால் யாரோ பிடித்திழுப்பது போல இருக்கும். ஏ9 வீதியில் நேராகப் போய்வருகிறவருக்கு இது சரி. முத்தையன்கட்டுப் பக்கம் உட்பாதைகளில் திரிகிறவருக்குச் சரிவராது.

பெடல்கள் பூட்டியிருக்கும் கிராங்கில் பூட்டும் மோட்டர், சைக்கிளின் செயினையே இழுக்கிறது. அதனால் பின்னால் உள்ள கியர்கள் அதற்கும் உதவும். சின்னக் கியரில் போட்டால் மோட்டர் தன் விருப்ப வேகத்தில் சுற்ற, சில்லு மெதுவாகப் பலத்தோடு சுற்றும். உண்மையான மலைக்கு இதற்கு நிகர் வேறில்லை. இந்த வகையில் பஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ்02 அதிகம் தெரிந்த பெயர். செயினும் பின் பற்சில்லும் சீக்கிரம் தேயும், விலையும் கூட.

எங்கள் முடிவு: வன்னிக்குள்ளேயே ஓடும் 100 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு, பின் சில்லில் கியர் உள்ள ஹப் மோட்டர், நான்கு கிலோ வகை, 48 வோல்ற், 20 முதல் 22 அம்பியர் கொன்ட்ரோலர், 200 சுற்றுக்கு அண்மை. வேறு தெரிவுகளுக்குக் காரணம் இருக்க வேண்டும்.

பழைய லுமாலா சைக்கிள் நிற்கிறது. அதில் கிராங் மோட்டர் பூட்டினால் மலையே ஏறலாமாமே?

ஒற்றை பிறீவீல் சைக்கிளில் அந்த மோட்டருக்கு உள்ள பெரிய நன்மை போய்விடும். மாற்றக் கியர் இல்லை. முன் பற்சில்லைச் சின்னதாகப் போட்டால் ஏறும், ஆனால் சமதரையிலும் ஊர்ந்துதான் போகும். கிராங் போகும் குழாயின் உள்விட்டம் 33.5 மில்லிமீற்றராவது இருக்கிறதா என்பதையும் அளக்க வேண்டும். கியர் சைக்கிள் ஒன்று தேடுவது நல்லது.

சரி, அந்த லுமாலாவில் ஹப் மோட்டராவது பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் பெட்டியைத் திறந்து அரை மணியில் பூட்டி முடிக்கும் வேலை அல்ல. நான்கு இடத்தில் இடிக்கும்.

சில்லின் அளவு. பெரிய ஆண்கள் சைக்கிளின் 28 × 1½ ரயர் உட்காரும் றிம் 635 மில்லிமீற்றர். மோட்டரோடு வரும் "28" றிம் 622. பெண்கள் சைக்கிளின் 26 × 1⅜ றிம் 590; மோட்டரோடு வரும் "26" றிம் 559. எண் ஒன்று, அளவு வேறு. உங்கள் பழைய ரயர் புதிய றிம்மில் ஏறாது, ரியூப்பும் ரயரும் சேர்த்து வாங்க வேண்டும். ரயரின் பக்கத்தில் கோடு போட்டு எழுதியிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள், அங்குலத்தை மறந்துவிடுங்கள்.

பிறேக். இரும்புத் தண்டால் இழுக்கும் பழைய கம்பி பிறேக்கின் கட்டைகள் றிம்மின் உட்பக்கத்தை அழுத்துபவை. மோட்டர் றிம்மில் அவை பிடிக்க இடமே இல்லை. 140 கிலோவை 25 கிலோமீற்றர் வேகத்தில் நிறுத்துவதற்கு, அதுவும் மாரி மழையில், கம்பி பிறேக் ஏற்கெனவே போதாது. டிஸ்க் அல்லது வி வடிவப் பிறேக் பூட்ட முடியாத சைக்கிளில் மோட்டரே பூட்டாதீர்கள்.

கம்பித் துளை. பழைய றிம்மையே வைத்து மோட்டரைக் கோக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அந்த றிம்கள் முன்னுக்கு 32 துளை, பின்னுக்கு 40. மோட்டர் ஹப்பில் 36. பொருந்தாது.

அகலம். பின் மோட்டருக்கு 135 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். பழைய ஒற்றை பிறீவீல் சைக்கிளில் 110 முதல் 120 வரைதான். இரும்புச் சட்டம் என்றால் இரு பக்கமும் சமமாக விரிக்கலாம். விரித்த பிறகு நூல் கட்டிச் சில்லு நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியச் சட்டத்தை ஒருபோதும் விரிக்கக்கூடாது, வெடிக்கும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், டிஸ்க் பிறேக் உள்ள பாவித்த 26 அங்குலக் கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி அதில் பூட்டுவது மலிவாக முடியும். 2 அங்குல அகல ரயரும் போடலாம். மணலில் அந்த அகலம், மோட்டரின் நூறு வாற்றைவிடக் கூடுதலாக உதவும்.

முன் சில்லிலா பின் சில்லிலா?

பாரம் கூடியவருக்குப் பின்னால். ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சரியும், கரியரில் மூட்டையும் இருந்தால் முன் சில்லு இலேசாகி மணலில் சும்மா சுற்றும். முன் போர்க்கில் அச்சு உட்காரும் வெட்டு மெல்லிய அச்சுக்கு உரியது. மோட்டரின் 10 மில்லிமீற்றர் அச்சுக்காக அதை அராவினால் நுனி மெலிந்துவிடும். முறுக்கு விசையில் போர்க் நுனி பிளந்து சில்லு கழன்றால் விழுவது முகங்குப்புற.

அச்சு சுற்றி வயர் அறுந்துவிட்டது என்கிறார்களே, அது ஏன் நடக்கிறது?

மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அதே பலத்தோடு அச்சைப் பின்னுக்குச் சுற்றப் பார்க்கிறது. சாதாரண சைக்கிளில் அச்சுக்கு அந்த வேலை இல்லை. மோட்டர் அச்சின் இரு பக்கமும் தட்டையாக வெட்டி 10 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். அந்தத் தட்டைதான் பிடிமானம். சட்டத்தில் அச்சு உட்காரும் வெட்டு சற்று அகலமாக இருந்தால் அச்சு முதலில் ஒரு மயிரிழை அசையும், அடுத்த கிழமை இரண்டு. நட் தளரும். ஒரு நாள் குளக்கட்டில் முழுதாக முறுக்கும்போது அச்சு ஒரே சுற்றாகச் சுற்றி, அதன் நடுவால் வரும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும். வயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் கொன்ட்ரோலரும் சேர்ந்து போகும்.

அதைத் தடுப்பது அச்சைக் கவ்விச் சட்டத்தோடு பிணைக்கும் உருக்குத் தகடு. பெட்டியில் வரும் மெல்லிய வொசர் அதற்குப் பதிலாகாது. சந்தையில் கிடைக்காவிட்டால் ஒட்டுக்கடையில் 6 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டில், 10 மில்லிமீற்றர் வாய் இறுக்கமாக வரும்படி வெட்டுவித்துக்கொள்ளலாம். தகட்டின் மற்ற நுனியைச் சட்டத்தில் இரண்டு கிளிப்பால் கட்டுங்கள். வைக்கும் ஒழுங்கு: சட்டத்தின் உட்பக்கம் நாக்குள்ள வொசர், நாக்கு வெட்டுக்குள் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் முதலில் உருக்குத் தகடு, பிறகு வொசர், பிறகு நட். நீளமான ஸ்பனரால் நன்றாக இறுக்குங்கள், 40 நியூற்றன் மீற்றர் அளவுக்கு. 20 சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியில் 20 கிலோ தொங்கினால் வரும் பலம் அது. முதல் ஐம்பது கிலோமீற்றருக்குப் பிறகு திரும்ப இறுக்க வேண்டும். வயர் வெளியே வரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் வயர் வழியே மோட்டருக்குள் இறங்கும்.

பூட்டி முடிந்ததும் மோட்டர் துடிக்கிறது, சுற்றவில்லை.

தடித்த மூன்று வயர்களில் இரண்டு மாறியிருக்கலாம், அல்லது மெல்லிய ஐந்து வயர்களில் ஒன்று தொடுப்பு விட்டிருக்கலாம். உடனே விடுங்கள், தொடர்ந்து முறுக்கினால் கொன்ட்ரோலர் எரியும். மஞ்சள், பச்சை, நீலத்தை நிறத்துக்கு நிறம் பொருத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் தூக்கிய சில்லு சத்தமில்லாமல் சுற்றும், பற்றரியில் இருந்து இரண்டு அம்பியருக்கு மேல் எடுக்காது.

மோட்டர் எவ்வளவு சூடாகலாம்?

ஹப்பின் வெளிமூடியில் உள்ளங்கையை வையுங்கள். மூன்று விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வெளியே ஏறத்தாழ 60 பாகை. செப்புச் சுருள் அதைவிட மிகக் கூடுதலான சூட்டில் இருக்கலாம், நைலோன் பற்களும் இளகத் தொடங்கும். நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே காற்றுச் சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். சித்திரை வைகாசி வெயிலில் தார் வீதியே கொதிக்கும்போது மோட்டருக்குக் குளிர வழி குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சூட்டைக் குறைக்கச் செலவில்லாத வழி உழக்குவதுதான். சாதாரணமாக ஒருவர் 80, 100 வாற் கொடுக்கலாம். மணலில் வேண்டிய 300 வாற்றில் அது மூன்றில் ஒன்று. வேகம் மோட்டரின் பாதிக்குக் கீழே இறங்கி ஓரிரு நிமிடம் தாண்டினால் இறங்கித் தள்ளுங்கள். 50 கிலோ மூட்டையும் சேர்ந்தால் மணலில் வேண்டிய முறுக்கு விசை 65 நியூற்றன் மீற்றர். அதைத் தனியே தொடர்ந்து கொடுக்க எந்த ஹப் மோட்டரையும் நம்ப வேண்டாம்.

இன்னொரு வழி சின்னச் சில்லு. 20 அங்குலச் சில்லில் பூட்டிய அதே மோட்டர், 28 அங்குலத்தைவிட நாற்பது சதம் கூடுதலாகத் தள்ளும். ரெஜிபோம் பெட்டி கட்டி மீன் விற்கப் போகிறவர்கள் சின்னச் சில்லுச் சைக்கிளை யோசிக்கலாம். உச்ச வேகம் முப்பது சதத்தை ஒட்டிக் குறையும்.

36 வோல்ற்றா 48 வோல்ற்றா? எவ்வளவு பெரிய பற்றரி?

48. ஒரே வலுவுக்கு மின்னோட்டம் குறைவு, வயரும் தொடுப்புகளும் சூடாவது குறைவு. 48 வோல்ற், 13 அம்பியர் மணி என்றால் 624 வாற் மணி. அதில் 85 சதம் பாவித்தால் 530. பாரம் கூடியவருக்குக் கிரவலும் காற்றும் கலந்த வீதியில் கிலோமீற்றருக்கு 18 வாற் மணி போகும்; ஆக 29 கிலோமீற்றர். கடைக்காரர் சொல்லும் 60 கிலோமீற்றர், 65 கிலோ ஆள் தார் வீதியில் பாதி தானே உழக்கிப் போன கணக்கு. புதுக்குடியிருப்பில் இருந்து முல்லைத்தீவுக்குப் போய் அன்றே திரும்புகிறவர் அங்கே ஒருமுறை சார்ஜ் பண்ணவோ, 20 அம்பியர் மணிப் பற்றரி வாங்கவோ வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் கடைசிச் சொட்டு வரை கணக்குப் போடாதீர்கள். பொழுதுபட்ட பிறகு யானை வீதிக்கு வரும் இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர முடியாது.

பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை தொடர்ந்து எத்தனை அம்பியர் விடும் என்று கேளுங்கள். 22 அம்பியர் கொன்ட்ரோலருக்கு 25, 30 வேண்டும்.

ஈயப் பற்றரி மலிவாக இருக்கிறதே?

12 வோல்ற், 12 அம்பியர் மணி நான்கு சேர்த்தால் 16 கிலோ. ஏற்கெனவே பாரம் கூடிய இடத்தில் இன்னொரு பாரம். ஏற்றத்தின் மின்னோட்டத்தில் எழுதிய அளவின் அறுபது சதம்தான் கிடைக்கும், அதாவது 20 கிலோமீற்றர் போனால் அதிகம். பாதி வடிந்த நிலையில் இரண்டு கிழமை விட்டால் தகடு உப்பேறிக் கெட்டுவிடும். சூடும் அதற்கு ஆகாது. காசு இல்லை என்றால் மட்டும்.

ஏற்றத்தில் எல்லாம் அணைந்துவிடுகிறது, சமதரையில் ஓடுகிறது. மோட்டர் பழுதா?

மோட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் பற்றரியைப் பாருங்கள். கூடுதல் மின்னோட்டம் எடுக்கும்போது வோல்ற் தாழும். 48 வோல்ற் தொகுதியில் அது 40ஐ ஒட்டி இறங்கியதும் கொன்ட்ரோலர் நிறுத்திவிடும். நிறைந்த பற்றரி 54.6 காட்டுகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். காட்டினால், முழுதாக முறுக்கும்போது எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். ஐந்தாறு வோல்ற்றுக்கு மேல் தாழ்ந்தால் கலங்கள் தளர்ந்துவிட்டன, அல்லது ஒரு தொடுப்பு தளர்ந்திருக்கிறது. தொடுப்புகளைத் தொட்டுப் பாருங்கள்: சூடாக இருப்பதே குற்றவாளி. பிளாஸ்ரிக் உருகிய மணம் வந்தால் அதை வெட்டிப் புதியது போட வேண்டும், திரும்ப அழுத்திச் செருகுவது சில நாளுக்குத்தான்.

சுவிசில் இருந்து வரும் மாமா பெட்டியில் எல்லாவற்றையும் கொண்டுவரலாமா?

மோட்டர், கொன்ட்ரோலர், டிஸ்பிளே கொண்டுவரலாம். பற்றரி முடியாது. பயணிகள் விமானத்தில் 100 வாற் மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160க்கு மேல் அனுமதியே இல்லை. சின்ன மின்சைக்கிள் பற்றரியே 360 வரும். பற்றரியை இங்கேயே வாங்குங்கள். அங்கே பாவித்த முழு மின்சைக்கிளையும் கப்பலில் அனுப்ப நினைத்தால், அதன் பற்றரி அடையாள எண் இல்லாத வேறு பற்றரியை ஏற்குமா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் மோட்டர்கள் பல, தங்கள் பற்றரியோடு மட்டுமே பேசும்.

ஒரு கால் செயற்கைக்கால். உழக்குவது கடினம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கால் அழுத்தத்தை அளந்து உதவும் வகை வேண்டாம். ஒரு பக்கம் அழுத்தம் குறைய, மோட்டர் வெட்டி வெட்டி இழுக்கும். கையால் இயக்கும் அக்சிலேற்றர் வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும் வகை, முழுக் கைப்பிடியும் சுற்றும் வகையைவிடப் பாதுகாப்பு, ஏறும்போது தவறிப் பிடித்து முறுக்குப்படாது. பிறேக் பிடித்தவுடன் மோட்டரை வெட்டும் சுவிட்ச் இரண்டு கைப்பிடியிலும் கட்டாயம். நடுத் தண்டு தாழ்ந்த பெண்கள் சைக்கிள் சட்டம் ஏறி இறங்க இலகு. சீற்றில் இருந்தபடி நல்ல கால் முழுப் பாதமும் நிலத்தில் படும்படி சீற்றைத் தாழ்த்தலாம், உழக்கத் தேவையில்லாததால் உயரம் பற்றிய கவலை இல்லை.

உழக்காமல் போவதால் முழுப் பாரமும் மோட்டருக்கு. மேலே சொன்ன நான்கு கிலோ வகைக்குக் கீழே இறங்க வேண்டாம், பற்றரியும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக எடுங்கள். உழக்காமல் ஓடும் வண்டிக்குப் பதிவு தேவையா என்பதை, வாங்குவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மகன் பேராதனையில் படிக்கிறார். இங்கே பூட்டியதை அங்கே கொண்டுபோனால் ஓடுமா?

வளாகத்துக்குள்ளும் கண்டிப் பக்கத்துச் சின்ன ஏற்றங்களிலும் ஓடும், உழக்கி உதவினால். நீண்ட மலைப்பாதை வேறு கதை. கண்டி கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1868. கண்டியில் இருந்து அந்த உயரத்துக்கு 140 கிலோவைத் தூக்கவே 520 வாற் மணி வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் பற்றரியில் இருந்து 750. எங்கள் 624 வழியிலேயே முடிந்துவிடும், அதற்கு முன்னே ஹப் மோட்டர் கொதித்துவிடும். மலையகத்திலேயே ஓடப்போகிறவருக்குக் கியர் சைக்கிளில் கிராங் மோட்டர்தான் விடை. இறக்கத்துக்கு இரண்டு சில்லிலும் டிஸ்க் பிறேக், மாற்றுக் கட்டைகள் ஒரு சோடி கையில்.

மாரியில் குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது. கடக்கலாமா?

அச்சு உயரத்துக்குக் கீழே என்றால் மெதுவாகக் கடக்கலாம். அதற்கு மேல் என்றால் தள்ளியும் கொண்டுபோகாதீர்கள். சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இழுக்கும். முங்கிவிட்டால் பற்றரியைக் கழற்றி, மோட்டரின் பக்க மூடியைத் திறந்து, ஒரு நாள் காற்றில் உலர விடுங்கள். பெயாரிங் கரகரத்தால் மாற்றுங்கள். வட்டுவாகல் பக்கம் போல உவர்நீர் பட்ட இடம் என்றால் முதலில் நல்ல தண்ணீரால் வெளியைக் கழுவித் துடைக்க வேண்டும், உப்பு அலுமினிய மூடியைத் தின்னும்.

சார்ஜ் பண்ணும்போது?

2 அம்பியர் சார்ஜரில் ஆறேழு மணி நேரம், ஒரு யூனிற்றுக்கும் குறைவான மின்சாரம். ஓடி வந்த சூட்டோடு செருகாதீர்கள். கிடுகுக் கூரைக்குக் கீழேயும் படுக்கைக்குப் பக்கத்திலும் வேண்டாம். தகரக் கூரைக் கொட்டிலில் பகல் முழுவதும் பற்றரியை விட்டால் ஆயுள் குறையும், கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள்.

மோட்டர் சத்தம் போடுகிறது, ஆனால் சில்லு சுற்றவில்லை.

கியர் வகையில் நைலோன் பல் வழுகியிருக்கும், அல்லது உள்ளே உள்ள ஒருவழிக் கிளச் விட்டிருக்கும். மூடியைத் திறந்தால் தெரியும்: பல் போயிருந்தால் வெள்ளைத் தூளும் துண்டுகளும் கிடக்கும். மூன்று பற்சில்லுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதில் முழுப் பாரமும் விழும். பழையதைக் கழற்றி விட்டத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு வாங்குங்கள், பார்வைக்கு ஒன்று போல இருக்கும் பல அளவுகள் உண்டு. கிரீஸ் பற்களில் மட்டும் மெல்லப் பூசினால் போதும். அள்ளி அப்பினால் சூட்டில் உருகிக் கிளச்சுக்குள் போய், அது வழுக்கத் தொடங்கும்.